பெட்டியின் இடது பக்கம்

என் மகனே, இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நீ மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. உன் அம்மாவும் வாசிக்கட்டும். சோலோதுர்னில் இருக்கும் உன் மாமாவும், கல்யாணத்துக்கு வரப்போகும் மற்றச் சொந்தக்காரரும் வாசிக்கட்டும். உன்னைப் பற்றி அவர்கள் முன்னால் சொல்லப்பட்ட ஒரு பிழையை அவர்கள் முன்னாலேயே நான் திருத்த வேண்டியிருக்கிறது. யாரும் வேண்டுமென்று சொன்னதில்லை அது. பயந்துபோன மனிதர்கள் அவசரத்தில் ஒரு காரணத்தைத் தேடினார்கள். நீ பக்கத்தில் நின்றாய். உன்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

சென்ற சனிக்கிழமை, நீ கட்டப்போகிற கியாரா இங்கே எம்மன்புரூக்கேக்கு வந்திருந்தாள். சேலைச் சட்டைக்கு அளவெடுக்க அம்மா கூப்பிட்டிருந்தாள். அளவெடுத்து முடிந்து அம்மா கடைக்குப் போனதும் கியாரா குசினியில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் ஜேர்மன் மொழியான டொச்சில்தான் பேசிக்கொள்வோம். அது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த மொழி, எனக்குத் தொழிற்சாலையில் படித்த மொழி. இருவரும் மெதுவாகப் பேசுவதால் நன்றாக விளங்கும். "அவர் இப்போது மீன் பிடிக்கப் போவதே இல்லை, தெரியுமா?" என்று கேட்டாள். வேலை கூட என்று நீ என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "லீவு நாளிலும் போவதில்லை. தூண்டில் தடிகளை நிலவறையில் போட்டுப் பூட்டிவிட்டார். உங்களுக்கு அப்படி வந்தது தன்னால்தான் என்று நினைக்கிறார். மத்தியானம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பாவுக்கு ஒன்றும் வந்திராது என்று என்னிடம் பல தடவை சொல்லிவிட்டார்." நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரியில் மாமா உன்னிடம் சொன்ன வார்த்தை அன்றோடு காற்றில் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அதை நீ இத்தனை மாதமும் உள்ளே வைத்துக்கொண்டு, என்னோடு போனில் பேசும்போது மட்டும் சிரித்திருக்கிறாய்.

ஆகவே அந்தத் தை மாதத்து நாளை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நடந்ததில் பாதியை நீ பார்த்தாய். மற்றப் பாதி எனக்குள் நடந்தது. அது எனக்கே பல மாதம் கழித்துத்தான் விளங்கியது.

நம் வீட்டில் தூண்டிலைக் கொண்டுவந்தவன் நீ. எங்கள் பரம்பரையில் யாரும் மீன் பிடித்ததில்லை. சுவிஸுக்கு வரமுதல் நான் வெங்காயம் நட்டவன். பள்ளிக்கூட நண்பர்களோடு நீ லுட்சேர்ன் ஏரிக்கரையில் எக்லி மீன் பிடிக்கத் தொடங்கியபோது, உன்னைக் கூட்டிப்போகவும் கூட்டிவரவும்தான் நான் வந்தேன். காரில் இருந்து குளிர்ந்துபோய், சும்மா நிற்பதற்கு ஒரு தடியைப் பிடிக்கலாமே என்று பிடித்தவன்தான், பிறகு உன்னைவிடப் பைத்தியமானேன். உயிருள்ள புழு இல்லாமல், ரப்பரிலும் உலோகத்திலும் செய்த ஒரு பொய்யை ஒரு மீன் நம்பி வருகிறதே என்ற வியப்பு எனக்கு இன்றுவரை போகவில்லை. நீ லுகானோவில் வேலை எடுத்துக்கொண்டு போன பிறகு, அங்கே கரையிலிருந்து பிடித்த ஒரு பாஸ் மீனின் படத்தை அனுப்பினாய். பச்சை முதுகு, பெரிய வாய், பக்கவாட்டில் கறுப்புக் கோடு. எங்கள் ஏரியில் அந்த மீன் கிடையாது. "குளிருக்கை பிடிக்கிறதுதான் கஷ்டம் அப்பா, வாங்கோ பாப்பம்" என்று எழுதியிருந்தாய். நான் இரண்டு நாள் கடையில் நின்று போலி இரை வாங்கினேன். கடைக்காரரும் நீயும் ஒன்றையே சொன்னீர்கள்: குளிர்ந்த தண்ணீரில் பாஸ் துரத்தாது, கல்லோடு கல்லாக அடியில் கிடக்கும், சின்னதாய், மங்கலாய், மெதுவாய்ப் போவதைத்தான் வாயில் எடுக்கும். அதனால் போவதற்கு முதல் நாள் பின்னேரம் பெட்டியை அடுக்கும்போது, ஈயத் தலை வைத்த மண்ணிற ரப்பர் புழுக்கள், சாம்பல் நிறக் குட்டி மீன்கள் எல்லாவற்றையும் இடது பக்கத்து அறைகளில் வைத்தேன். வலது பக்கத்தில் வெள்ளியும் பொன்னுமாய் மினுங்கும், கரண்டி என்று நாம் சொல்லும் உலோக இரைகள். அவை வெயில் காலத்துக்கானவை. எனக்குப் பிடித்தவை என்பதால் அவற்றையும் கொண்டுவந்தேன்.

காலையில் நீ வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனாய். கொத்தார்ட் மலைச் சுரங்கப்பாதைக்கு முன்னால் ஒரு தெருவோரக் கடையடியில் நிறுத்தினோம், நீ உள்ளே கைகழுவப் போனாய். இந்த இடத்தைக் கவனமாக வாசி. நான் வெளியே நின்று இடது கையில் கோப்பியும் வலது கையில் பாணுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கோப்பி கீழே விழுந்தது. யாரும் தட்டவில்லை, நான் திரும்பவுமில்லை. விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. கையைப் பார்த்தேன். அது என்னுடைய கை மாதிரித் தெரியவில்லை, ஒரு கட்டையைச் சட்டைக்கையில் செருகிவிட்டது போல் இருந்தது. பக்கத்தில் நின்ற லொறிக்காரர் துடைக்கக் கடதாசி தந்தார். உதறினேன், கொஞ்ச நேரத்தில் கை திரும்பி வந்துவிட்டது. குளிர் என்று நினைத்தேன். நீ வெளியே வந்து, "என்னப்பா, சப்பாத்தெல்லாம் நனைஞ்சு கிடக்கு?" என்று கேட்டாய். "கோப்பி கைதவறிப் போச்சு" என்றேன். இது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீ இன்னும் எதையுமே சொல்லவில்லை. கியாராவின் பெயரைக்கூட நான் அதுவரை கேட்டதில்லை.

சுரங்கத்துக்குள் போன பிறகுதான் நீ சொன்னாய். லுகானோவிலேயே இருக்கப் போகிறேன், ஒரு பெண்ணை விரும்புகிறேன், கட்டிட வேலைத்தளத்தில் தச்சு வேலை செய்பவள், மத்தியானம் அவள் வீட்டில் எங்களுக்குச் சமைக்கிறாள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய்.  "அப்ப மீனுக்கெண்டு கூட்டிக்கொண்டு வந்தது எனக்குத் தூண்டில் போடவோ?" என்று கேட்டேன். "அப்பிடி இல்லையப்பா. போனிலை சொன்னா வரமாட்டியள் எண்டு தெரியும்" என்றாய். "அம்மாவுக்குத் தெரியுமோ?" "தெரியாது." "அப்ப நான் மட்டும்தான் விசரன்."  எனக்குக் கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். மறுபக்கம் வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது, நீ வெயில் தடுப்பை எனக்காக இறக்கிவிட்டாய், நான் அதை மேலே தள்ளினேன்.

லுகானோவுக்கு வெளியே படகு கட்டும் அந்தச் சின்னத் துறையில் இறங்கினோம். கல்லால் கட்டிய கரை. கரையோரத்தில் அடி தெரியும், கொஞ்சம் தள்ளி ஒரேயடியாகக் கறுத்துப்போகும் ஆழம். ஒரு சனம் இல்லை. நீ தடிகளை எடுத்தாய், நான் பெட்டியைத் திறந்தேன். "மண்ணிறப் புழுவை எடுங்கோ அப்பா, சின்னது" என்றாய். நான் பெட்டியைப் பார்த்தேன். வெள்ளி, பொன், செம்மஞ்சள். மண்ணிறம் ஒன்றுகூட இல்லை. "இதுக்குள்ளை இல்லை" என்றேன். "இடது பக்கத்திலை கிடக்கு." "இல்லையெண்டு சொல்லுறன்." நீ என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாய். நான் உன்னோடு கோபத்தில் வம்புக்கு நிற்கிறேன் என்று நீ நினைத்தாய். நீ என்னைக் கேலி செய்கிறாய் என்று நான் நினைத்தேன். மகனே, அந்த நேரத்தில் என் கண்ணுக்கு அது பாதிப் பெட்டியாகத் தெரியவில்லை. இடது பக்கம் இருட்டாகவோ மங்கலாகவோ இருந்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். அப்படி ஒன்றுமில்லை. நான் பார்த்தது முழுப் பெட்டி, அதில் மினுங்கும் கரண்டிகள் மட்டும்தான் இருந்தன. உலகத்தின் ஒரு பாதி போய்விட்டது, போனதே தெரியாமல் நான் நின்றேன்.

ஒரு வெள்ளிக் கரண்டியை எடுத்து நூலில் கட்டப் பார்த்தேன். முடிச்சு விழவில்லை. திரும்பத் திரும்ப நூல் கழன்றது. "குளிருக்கை அந்தக் கரண்டிக்கு ஒண்டும் வராது" என்று நீ கடுப்போடு சொன்னாய். "எனக்குப் பிடிச்சதை நான் எடுப்பன். நீ உனக்குப் பிடிச்சதை எடுத்தனிதானே" என்றேன். அந்தச் சொல் உன்னைச் சுட்டது, முகம் மாறியது. நீ திரும்பிக்கொண்டு உன் தடியை வீசினாய். புழு அடியில் போய் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அசையாமல் நின்றாய். அப்படியே நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். எந்தப் பிள்ளையும் அப்படிச் சுட்ட பிறகு நின்றிருக்கும். நீ திரும்பிப் பார்த்தாய்.

"அப்பா, மற்றக் கையுறை எங்கை?" என்று கேட்டாய். இரண்டு கையிலும் போட்டிருக்கிறேன் என்றேன். நீ தடியைக் கல்லில் வைத்தாய். மீன்பிடிக்கிறவன் நூல் தண்ணீரில் கிடக்கும்போது தடியைக் கீழே வைப்பதில்லை. அதனால் எனக்கு அது புதினமாக இருந்தது. கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாய். "ரெண்டு கையையும் தூக்குங்கோ." "இஞ்சை என்ன சேர்க்கஸோ நடக்குது?" "ஒருக்கா தூக்குங்கோ அப்பா." தூக்கினேன். இரண்டையும் தூக்கினேன் என்று சாமி அறையில் நின்று சத்தியம் செய்திருப்பேன். நீ மிக மெதுவாகச் சொன்னாய், "ஒண்டுதான் அப்பா தூக்கியிருக்கிறியள்." வாகன லைசென்ஸுக்காக நீ முதலுதவி வகுப்புக்குப் போனபோது, ஒரு பின்னேரம் வீணாகிறது என்று முறைப்பட்டாய். அந்தப் பின்னேரம்தான் இன்று என்னை இந்த மேசையில் உட்கார்த்தி வைத்திருக்கிறது.

நான் நம்பவில்லை. என்னைப் பைத்தியக்காரன் ஆக்கி அந்தப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறாய் என்றுதான் தோன்றியது. வீட்டுக்குப் போகிறேன், ரயிலில் போகிறேன் என்று நடந்தேன். என் கணக்கில் நான் காரை நோக்கி நடந்தேன். என் இடது பக்கத்தில் கரை முடிந்து தண்ணீர் இருந்தது. எனக்கு இடது பக்கமே இல்லை. நீ ஜாக்கெட்டைப் பின்னால் பிடித்து இழுத்தபோதுதான் ஒரு கால் வெறுமையில் இருந்ததை உணர்ந்தேன். இருவரும் கல்லில் விழுந்தோம். நீ பின்னாலிருந்து என் இடுப்பைச் சுற்றி ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் 144-ஐ அழுத்தினாய். அரைகுறை இத்தாலிய மொழியில் தொடங்கி, தடுமாறி, டொச்சுக்கு மாறினாய். உன் நெஞ்சு என் முதுகில் அடிப்பது எனக்குத் தெரிந்தது. அம்புலன்ஸ் வரும்வரைக்கும் நான் உன்னைத் திட்டினேன். பெற்றவன் சொல்லக்கூடாத சொற்கள். அதில் பல எனக்கு ஞாபகமில்லை, உனக்கு இருக்கும். நீ ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. "ஓம் அப்பா. ஓம் அப்பா. கொஞ்சம் இருங்கோ" என்று மட்டும் காதருகில் சொல்லிக்கொண்டிருந்தாய். பிடியை ஒரு கணமும் தளர்த்தவில்லை. உன் தடி எங்கேயோ இழுபட்டுக் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. நீ திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்று சொல்லி, மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். நேரத்தோடு வந்ததால் எடுக்க முடிந்தது என்று சொன்னார்கள். இனி நீ கேள்விப்படாத ஒரு விஷயம். கியாரா இதை உன்னிடம் சொல்லவில்லை என்று சனிக்கிழமைதான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் நீ பத்திரங்களோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் என் கட்டிலின் இடது பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். உன்னிடம் கேட்டுப் பழகிய தமிழில், "வணக்கம் மாமா" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒரு குரல் கேட்டது. குரல் வந்த பக்கம் என்று நான் வலது பக்கம் திரும்பினேன். அங்கே யன்னல் இருந்தது, வேறொன்றும் இல்லை. திரும்பவும் சொன்னாள். இன்னும் வலது பக்கம் திரும்பினேன். அவள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார். மகன் விரும்பிய பெண் வந்து தமிழில் வணங்குகிறாள், கிழவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இன்னொரு தடவை வணங்குகிறாள், இன்னும் திருப்பிக்கொள்கிறான். அவள் எழுந்து போகவில்லை. பொழுதுபடும்வரை அங்கேயே இருந்தாள். அடுத்த நாள் காலை ஒரு தாதி, இவருக்கு இடது பக்கம் இன்னும் திரும்பி வரவில்லை, மற்றப் பக்கம் போய் இருங்கள் என்று சொன்ன பிறகுதான் கட்டிலைச் சுற்றி வந்தாள். சின்ன உருவம், கட்டையாக வெட்டிய முடி, நகத்தில் மரப்பூச்சு. "எப்போது வந்தீர்கள்?" என்று குழறலாகக் கேட்டேன். "நேற்று" என்றாள்.  ஒரு பகல் முழுக்க என்னால் அவமானப்பட்டதாக நினைத்துக்கொண்டு, மறுநாளும் வந்திருக்கிறாள். இதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அன்று மத்தியானம்தான் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். என் அறைக்கு வெளியே மாமா உன்னிடம் கேட்டது, கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது. "ஓடுற வாகனத்துக்கை வைச்சு இப்பிடி ஒரு கதையைச் சொல்லலாமோ? உன்ரை வாயாலைதான் அத்தானுக்கு இப்பிடி வந்தது."  அம்மா மறுக்கவில்லை, அவளுக்கு அப்போது அழத்தான் முடிந்தது. எனக்கு நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு யார் வாயிலும் இல்லை, நானும் அதைக் கிளறவில்லை. ஆனால் சொந்தக்காரர் வீடுகளில் அது அப்படியே நின்றுவிட்டது: பெடியன் காரில் கதை சொன்னான், தகப்பன் விழுந்தார்.

கியாரா போன பிறகு, செவ்வாய்க்கிழமை லுட்சேர்னில் என்னைப் பார்க்கும் டொக்டரிடம் போனபோது அந்தக் கோப்பிக் கதையைச் சொன்னேன். முதலில் ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அன்று காலை வேறு ஏதும் நடந்ததா என்ற கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். எனக்கு அது நினைவிலேயே இருக்கவில்லை. டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். கை எவ்வளவு நேரம் அப்படி இருந்தது, எந்தக் கை, அதற்கு முன்னால் ஏதும் சண்டை சச்சரவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு படத்தைத் திரையில் போட்டு என் கழுத்தில் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயைக் காட்டினார். "இந்தக் குழாய் பல வருடமாக ஒடுங்கி வந்திருக்கிறது. கோப்பி விழுந்ததுதான் முதல் அறிகுறி. மகன் பேச்சைத் தொடங்கும்போது இது ஏற்கெனவே தொடங்கிவிட்டது" என்றார். அவன் அன்று ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். "அப்போதும் வந்திருக்கும். நீங்கள் தனியாக வீட்டில் இருந்திருந்தால், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்." இதைத்தான் நீ வாசிக்க வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். இந்த ஒரு வரியைத் திரும்ப வாசி. உன் பேச்சு எனக்கு அதைக் கொண்டுவரவில்லை. என்னோடு கோபமாக இருந்தபோதும் நீ திரும்பிப் பார்த்தாய், அதனால் நான் இருக்கிறேன்.

புதுக் குடித்தனம் தொடங்கப் போகிறவனுக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். என்னிடம் உள்ளது கொஞ்சம்தான். ஒருவர் உன் பக்கம் திரும்பவில்லை என்றால் கோபம் என்று உடனே முடிவு கட்டாதே. கட்டிலைச் சுற்றிப் போய் மற்றப் பக்கத்தில் நின்று பார். கியாரா களைத்து வந்து பேசாமல் இருக்கும் நாளில், நீ கேட்டதைக் கேட்காதது போல் இருக்கும் நாளில், இன்னொரு தடவை கேள். அன்று நான் பிடிவாதத்துக்குக் கரண்டியை எடுக்கிறேன் என்று நீ நினைத்தது தவறில்லை. என் முகத்தில் பிடிவாதம்தான் இருந்தது. அதோடு நிறுத்தாமல் கையுறையைப் பார்த்தாயே, அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள். மற்றது, உனக்குப் பயமாக இருக்கும் கதைகளைச் சுரங்கத்துக்குள் வைத்துச் சொல்லாதே. அதற்காக மட்டும் உன்னைக் கண்டிக்கிறேன். வெளிச்சத்தில், நிறுத்தி வைத்த வாகனத்தில், கேட்கிறவர் இறங்கி நடக்கக்கூடிய இடத்தில் சொல்.

நான் இப்போது பரவாயில்லை. இடது கை மெதுவாக வேலை செய்கிறது. இந்தத் தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு கீறி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் அதைத் தேடிப் பிடித்துத் தொடங்கப் பழக்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கு நேற்று முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள், "அண்டைக்கு நான் அவனுக்காக ஒரு சொல்லும் சொல்லேல்லை" என்றாள். மிச்சத்தை அவளே உனக்குச் சொல்லுவாள்.

பிறகு சோலோதுர்னுக்குப் போன் எடுத்து மாமாவுக்கும் வாசித்தேன். கோப்பி விழுந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். "திருப்பி வாசியுங்கோ அத்தான்" என்றார். திருப்பி வாசித்தேன்.  பிறகு, "இது தம்பிக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். இன்னும் இல்லை, உனக்கு இனித்தான் அனுப்பப் போகிறேன் என்றேன். "அனுப்புங்கோ. நான் போனிலை கதைக்க மாட்டன், போனிலை கதைக்கிற விசயம் இல்லை இது. ஞாயிற்றுக்கிழமை ரயிலிலை போறன்" என்றார். வழி தெரியுமோ என்று கேட்டேன். "கேட்டுக் கேட்டுப் போவன்" என்றார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார். உனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும், அவருக்கு உன்னைவிடக் கஷ்டமாக இருக்கும். கதவைத் திற. "பரவாயில்லை மாமா, விடுங்கோ" என்று அவசரப்பட்டு வாயை அடைத்துவிடாதே, நீ அப்படிச் செய்யக்கூடியவன். வாசலிலேயே நிற்கட்டும். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். அதற்குப் பிறகு உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு கொடு.

அப்பா